குரூப்பில் நான் எழுதியது எங்கே போனது? அறிகுறி பார்த்துத் தேடும் வழி

போன மாதம் ஒரு தையல் மெஷின் என்னைப் பாடாய்ப் படுத்தியது. துணிக்கு அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்கிக்கொண்டது. இதே கோளாறை ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு நானே சரிசெய்திருக்கிறேன். எப்படிச் செய்தேன் என்று ஓர் இணையக் குழுவில் நீளமாக எழுதியும் வைத்திருந்தேன். அந்தப் பதிவைத்தான் காணவில்லை. ‘தையல் மெஷின்’ என்று போட்டுத் தேடினால் இல்லை. ‘பாபின்’ என்று தேடினால் ஊரார் எழுதியதெல்லாம் வருகிறது, என்னுடையது மட்டும் வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரமும் வீணானதற்குக் காரணம், நான் முதலில் சொல்லைத் தேடியதுதான். முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கணக்கில் எழுதினோம் என்பது. அடுத்து, எந்த வருடம். இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான் சொல்லுக்குப் போக வேண்டும். எழுதியவர் பெயரைக் கணினி சரியாக நினைவில் வைத்திருக்கும். நாம் எழுதிய சொல் நம் நினைவில் இருப்பதுபோல் பெரும்பாலும் இருக்காது.

கீழே உங்கள் அறிகுறி எது என்று பார்த்து நேரே அங்கே போய்விடுங்கள். தேடலுக்கான கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்தில், சொல்லுக்குப் பின் இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்துத் தட்ட வேண்டும்.

“என் பக்கத்துக்குப் போனால் ஒரு பதிவுகூட இல்லை”

பெரும்பாலானவர்கள் வேறு கணக்கில் நுழைந்திருப்பார்கள். முன்பு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேர்ந்திருப்போம். இப்போது அவசரத்தில் ‘கூகுள் மூலம் நுழைக’ என்ற பொத்தானை அழுத்துவோம். அந்த கூகுள் முகவரி வேறாக இருந்தால், பல தளங்கள் ஒன்றும் கேட்காமல் புதுக்கணக்கு ஒன்றைத் திறந்துவிடும். உங்கள் பக்கத்தில் ‘சேர்ந்த தேதி’ என்று ஒன்று இருக்கும், பாருங்கள். அது போன வாரத்தைக் காட்டினால் விஷயம் முடிந்தது.

பழைய கணக்கைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்கள். ஒன்று, பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களின் பட்டியல். அதில் அந்தத் தளத்துக்கு எதிரே எந்தப் பயனர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று, உங்களிடம் உள்ள எல்லா மின்னஞ்சல் பெட்டிகளும். தளத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், சேர்ந்த அன்று வந்த வரவேற்புக் கடிதம் எந்த முகவரியில் கிடக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. ஜிமெயிலில் ‘இன்:எனிவேர்’ என்று சேர்த்துத் தேடினால் ஸ்பாமையும் குப்பைத்தொட்டியையும் சேர்த்துத் துழாவும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்னஞ்சல் பெட்டியில் இதைவிடப் பெரிய புதையலும் உண்டு. ‘உங்கள் பதிவுக்கு ஒருவர் பதிலளித்திருக்கிறார்’ என்று வரும் அறிவிப்புகளை நாம் படிப்பதே இல்லை. அவற்றின் அடியில் இருக்கும் இணைப்பு நேரே அந்தப் பதிவில் கொண்டுபோய் விடும். எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வழியிலேயே கதை முடிந்திருக்கிறது.

நடுவில் பயனர் பெயரை மாற்றியிருந்தால், பழைய பதிவுகளும் புதுப் பெயருக்குக் கீழேதான் வந்திருக்கும். ஆனால் பிறர் உங்களை மேற்கோள் காட்டிய இடங்களில் பல தளங்களில் பழைய பெயர் அப்படியே நிற்கும். ஆகவே கூகுளில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

“ஃபேஸ்புக் குழுவில் எழுதினேன், என் டைம்லைனில் இல்லை”

இருக்காது. குழுப் பதிவுகள் டைம்லைனில் சேர்வதில்லை. இதற்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், குழுவுக்குள்ளேயே. குழுவில் உங்கள் பெயரைத் தட்டினால் அந்தக் குழுவுக்கு மட்டுமான உங்கள் பக்கம் திறக்கும். அங்கே இட்டவை மட்டும் வரிசையாக வரும். குழுவின் தேடல் பெட்டியில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, வடிகட்டியில் ‘உங்கள் பதிவுகள்’ என்று தேர்ந்தாலும் சரி.

இரண்டாவது, நீங்கள் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் ‘ஆக்டிவிட்டி லாக்’. குழுப் பதிவுகள், கருத்துகள் என்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது. மாதம், வருடம் வைத்துச் சுருக்கலாம். பின்னூட்டங்களைத் தேட இதுதான் நல்ல வழி. ஒன்று கவனியுங்கள்: நீங்கள் பின்னூட்டம் எழுதியது வேறொருவரின் பதிவுக்குக் கீழே என்றால், அவர் பதிவை அழித்தபோது உங்களுடையதும் கூடவே போய்விட்டது. மரம் விழுந்தால் கிளியின் கூடும் விழத்தான் செய்யும்.

மூன்றாவது, குழுவின் மெனுவில் ‘உங்கள் உள்ளடக்கம்’ என்ற பக்கம். நிலுவையில் உள்ளது, வெளியானது, மறுக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டும். ‘போட்டேன், காணாமல் போய்விட்டது’ என்று நாம் புலம்பும் பதிவு, நிர்வாகியின் ஒப்புதலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம். வெளியாகவே இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

எதுவும் சரிவராவிட்டால் உங்கள் தகவல்களை மொத்தமாகத் தரவிறக்குங்கள். அப்போது எச்டிஎம்எல், ஜேசன் என்று இரண்டு வடிவம் கேட்கும். தமிழில் எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எச்டிஎம்எல்லைத் தேர்ந்துவிடுங்கள். ஜேசன் கோப்பில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று துண்டாக உடைந்து, என்னென்னவோ குறிகளாகக் கிடக்கும். அதில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஜென்மத்துக்கும் கிடைக்காது.

“எழுதிய சொல் நன்றாக நினைவிருக்கிறது, தேடினால் பூஜ்யம்”

என் தையல் மெஷின் மாட்டிக்கொண்டது இங்கேதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம் என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எழுத்துக்கூட்டல். மெஷின், மிஷின், மெசின், மிசின்: நான்கையும் நாம் எழுதுவோம், அதுவும் ஒரே ஆள், ஒரே வாரத்தில். பிரச்சினை, பிரச்சனை, ப்ரச்னை என்பதும் அப்படித்தான். போனில் தட்டும்போது விசைப்பலகை எதைப் பரிந்துரைத்ததோ அதையே தொட்டிருப்போம். இது போதாதென்று, அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கம் வேறு. ‘வாழ்த்து’ என்பதில் ழ-வுக்கு இசட் எச் போட்டோமா, வெறும் எல் போட்டோமா? யாருக்குத் தெரியும்!

அடுத்தது வேற்றுமை உருபு. பல தேடல் வசதிகள் முழுச்சொல்லை அப்படியே பொருத்திப் பார்ப்பவை. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ எதுவும் வராது. பதிவில் ‘திருகைத் தளர்த்தி’ என்று எழுதியிருந்தால் ‘திருகு’ எடுபடாது. ஆகவே அகராதியில் இருக்கும் சொல்லைப் போடாதீர்கள். வாக்கியத்தில் எப்படி வந்திருக்குமோ அப்படிப் போடுங்கள். ‘நூலை’, ‘நூலில்’, ‘நூலும்’ என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். இதைவிட நல்லது எண். மாடல் எண், பிழை எண், அளவு, இப்படி ஏதாவது. எண்ணோடு உருபு சேர்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு ‘1500-க்கு’ என்றுதானே எழுதுகிறோம்; அதனால் எண் உடையாமல் நிற்கும்.

மூன்றாவது விவகாரம் கண்ணுக்கே தெரியாது. தேடல் பெட்டி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, அதன் பின்னால் இருக்கும் குறியெண்ணைப் பார்க்கிறது. ‘சௌகரியம்’ என்பதில் ஔகாரக் குறியை ஒரே குறியாக இடுவதுதான் சரி. ஆனால் பலர் ‘செ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுவார்கள்: ‘செளகரியம்’. திரையில் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். சோதிக்க எளிய வழி, அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுவது. ‘ச’ மிஞ்சினால் சரியான குறி, ‘செ’ மிஞ்சினால் ள-கரம். ‘ஸ்ரீ’ என்பதும் இப்படித்தான். இரண்டு விதமான முதலெழுத்தால் உருவாக்கலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்: எ, ௭. உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது.

ஒகர, ஓகாரக் குறிகளையும், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கமான யூனிகோடு ஒரே குறியாகவோ இரண்டு துண்டாகவோ வைக்க அனுமதிக்கிறது. பெரிய தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றென எடுத்துக்கொள்ளும். சின்னத் தளங்கள் பலவற்றுக்கு அந்த விவரம் போதாது. எனவே ‘கொக்கி’, ‘கௌரவம்’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, கொம்பும் காலும் இல்லாத எளிய எழுத்துகளால் ஆன சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. பிஎச்பிபிபி போன்ற பழைய மென்பொருளில் ஓடும் குழுக்கள் மிகச் சின்னச் சொற்களையும் அடிக்கடி வரும் சொற்களையும் தேடலுக்கான அட்டவணையிலேயே சேர்ப்பதில்லை. ‘பூ’ என்று தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே ‘உங்கள் பதிவுகள்’ என்று தனி இணைப்பு இருக்கும். அது பெயரை வைத்துத் தேடுவது. நேரே அதைச் சொடுக்குங்கள்.

என் பதிவு கிடைத்ததும் இந்த வழியில்தான். பெயரால் வடிகட்டி, வருடத்தைக் குறுக்கி, கண்ணால் படித்துக்கொண்டே போனேன். பதினேழாவதாக வந்தது. ‘தையல் மிசினில்’ என்று எழுதியிருந்தேன். நானா? நானேதான்.

“வாட்ஸ்அப்பில் கீழே கீழே தள்ளியே விரல் தேய்ந்துவிட்டது”

வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் பெயரால் வடிகட்டும் வசதி இல்லை. ஆனால் தேதிக்கு வசதி வந்துவிட்டது: குழுவுக்குள் தேடலைத் திறந்தால் நாள்காட்டிச் சின்னம் இருக்கும், தட்டினால் அந்த நாளுக்கே குதித்துவிடலாம். நாள் தெரியாதா? குழுவின் மெனுவில் ‘சாட்டை ஏற்றுமதி செய்’ என்பதை அழுத்தி, படங்கள் இல்லாமல் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஓர் உரைக்கோப்பு வரும். ஒவ்வொரு செய்தியும் இப்படித் தொடங்கும்: தேதி, நேரம், அனுப்பியவர் பெயர், முக்காற்புள்ளி. அந்தக் கோப்பில் உங்கள் பெயரையும் முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேடினால் நீங்கள் எழுதியது மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். படங்கள் இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்திகள் வரை கிடைக்கும். படங்களோடு என்றால் 10,000 தான். குழுவில் யாராவது ‘அட்வான்ஸ்டு சாட் பிரைவசி’யைப் போட்டிருந்தால் ஏற்றுமதி நடக்காது.

போன் மாற்றியபோது காப்புநகலிலிருந்து மீட்காமல் விட்டிருந்தால், பழையவை உங்களிடம் இல்லை. அதே குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஒருவரை ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். அவர் போனில் எல்லாம் இருக்கும். மறையும் செய்திகள் இயக்கத்தில் இருந்த குழு என்றால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று எது வைத்திருந்தார்களோ அதோடு சரி.

டெலிகிராமில் இவ்வளவு கஷ்டம் இல்லை. எல்லாம் அவர்கள் சேவையகத்தில் இருப்பதால் போன் மாறினாலும் ஒன்றும் ஆகாது. குழுவில் தேடலைத் திறந்து, ஆள் உருவச் சின்னத்தைத் தட்டி, உங்கள் பெயரைத் தேர்ந்தால் போதும், சொல்லே தேவையில்லை. அப்படியும் எதுவும் வரவில்லை என்றால், நிர்வாகி அழித்திருக்கலாம். ஒருவரை வெளியேற்றும்போது அவர் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கும் வசதி டெலிகிராமில் உண்டு. (வெளியேற்றப்பட்டு, சமாதானமாகி, மறுபடி உள்ளே வந்தவர்கள் யோசித்துப் பார்க்கவும்.)

“பட்டியல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, அதற்கு முந்தையது வரவில்லை”

ரெட்டிட்டில் இது சகஜம். ஒருவரின் பக்கத்தில் ஏறக்குறைய 1000 பதிவுகள் வரைதான் பின்னோக்கிப் போகலாம். மற்றவை அழியவில்லை, அந்தப் பட்டியலில் இடமில்லை, அவ்வளவுதான். வரிசையைப் ‘புதியவை’யிலிருந்து ‘சிறந்தவை’க்கு மாற்றினால் வேறொரு 1000 வரும், அதில் பழையவை சில தலைகாட்டும். முழுவதும் வேண்டுமென்றால் அமைப்புகளில் தகவல் கோரிக்கை வைக்க வேண்டும். 30 நாள் வரை ஆகலாம் என்கிறார்கள். வருவது சிஎஸ்வி எனப்படும் அட்டவணைக் கோப்பு. அதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதறித் தெரியலாம். கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள், அல்லது லிப்ரே ஆபீஸில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து திறங்கள்.

டிஸ்கார்டில் ‘ஃப்ரம்:’ போட்டு உங்கள் பெயர், ‘பிஃபோர்:’ போட்டு ஒரு தேதி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ‘யூசர்:மீ’. டிஸ்கோர்ஸ் மென்பொருளில் ஓடும் குழுக்களில் அட் குறி போட்டு உங்கள் பயனர் பெயர். இவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னபடி வேலை செய்யும்.

“மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன், எனக்கே திரும்ப வரவில்லை”

ஜிமெயிலில் இருப்பவர்கள் காலங்காலமாகக் கேட்கும் கேள்வி. குழுவிலிருந்து உங்கள் கடிதத்தின் பிரதி உங்களுக்கும் வருகிறது. ஆனால் அதன் அடையாள எண்ணும் நீங்கள் அனுப்பியதன் அடையாள எண்ணும் ஒன்றே என்பதால், ஜிமெயில் இரண்டாவதைக் காட்டுவதில்லை. இன்பாக்ஸில் தேடிப் பயனில்லை. ‘அனுப்பியவை’யில், பெறுநர் இடத்தில் குழுவின் முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள், மொத்தமும் வந்துவிடும்.

“அந்தத் தளமே இப்போது இல்லை”

யாஹூ குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சேர்த்து வைத்திருந்த பழைய செய்திகள் அதையொட்டி அழிக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று மின்னஞ்சல் சேவையும் நின்றது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்றே போய்விட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். இவற்றில் எழுதியது வேண்டுமென்றால் முதலில் உங்கள் பழைய மின்னஞ்சல் பெட்டி, அப்புறம் பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைத்திருக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷின். அதில் குழுவின் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும். முகவரியின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால், அந்த முகவரியில் தொடங்கும் பக்கங்கள் எல்லாம் பட்டியலாக வரும். உறுப்பினர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டி வைத்த குழு என்றால் அங்கே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழு வலையமைப்பின் காலத்து ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2001-இல் கூகுள் வாங்கிய டேஜா நிறுவனத்தின் யூஸ்நெட் தொகுப்பும் அதோடு சேர்ந்த பழைய தொகுப்புகளுமாக, 1981 வரை பின்னோக்கிப் போகும் செய்திகள் கூகுள் குரூப்ஸில் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு அங்கிருந்து யூஸ்நெட்டில் புதிதாக எழுத முடியாது, பழையதைப் படிக்கத் தடையில்லை.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஒரே குப்பையாகத் தெரிகிறதா? அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப், பாமினி போன்ற ஏதோ ஒரு குறியாக்கம். அழிக்காதீர்கள். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றியில் ஒட்டி ஒவ்வொரு குறியாக்கமாக முயன்றால் ஏதோ ஒன்றில் தமிழ் எழுந்து உட்காரும். தேடவும் இதே வழிதான், தலைகீழாக: தேட வேண்டிய சொல்லை அந்தப் பழைய குறியாக்கத்துக்கு மாற்றி, கிடைக்கும் குப்பையை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

“பக்கம் திறந்துவிட்டது, என் பதில் மட்டும் கண்ணில் படவில்லை”

நீளமான விவாதங்களைப் பல தளங்கள் முழுதாகக் காட்டுவதில்லை. ஃபேஸ்புக் ‘முக்கியமானவை’ என்று தானே பொறுக்கிச் சிலதைக் காட்டும். அதை ‘எல்லாக் கருத்துகளும்’ என்று மாற்றுங்கள். மடித்து வைத்த கிளைகளையெல்லாம் விரித்துவிட்டு, அதற்குப் பிறகு கன்ட்ரோல்-எஃப் அழுத்துங்கள். பக்கத்தில் இன்னும் ஏறாததை அந்தப் பெட்டி தேடாது. கிடைத்ததும் பதிவின் நேரத்தைத் தட்டினால் அதற்கே உரிய முகவரி திறக்கும். அதை எடுத்து உங்கள் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள்.

என்னுடையதைத் திறந்தபோது, நான் எழுதியிருந்தது இதுதான்: நூல் சிக்குவது அடியில் என்றாலும் குற்றம் மேல்நூலில், அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கோர்க்கவும். அதற்குக் கீழே ஒருவர், “கோர்க்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கிவைக்க வேண்டுமா?” என்று கேட்டிருந்தார். அப்போது நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. “ஆமாம், தூக்கிவைத்துத்தான். அப்போதுதான் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் தகடுகளுக்கு நடுவே இறங்கும்” என்று ஐந்தாறு வருடம் கழித்துப் பதில் போட்டுவிட்டு, மெஷினைக் கவனிக்கப் போனேன்.